டம்ளருக்குள் பேட்டை: பானங்களைக் கொண்டு சென்னையைப் படிக்க முடியுமா?

ஓர் ஊரின் தண்ணீரைக் குடித்தால் ஊரே பிடிபட்டுவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் வெகுகாலமாக உண்டு. நிலத்தின் இயல்பால் நீர் திரியும் என்பதைத் திருக்குறள் ‘சிற்றினம் சேராமை’ அதிகாரத்தில் உவமையாக ஆள்கிறது. திருநெல்வேலி அல்வாவுக்குத் தாமிரபரணியும் கோவைக்காரரின் பெருமிதத்துக்குச் சிறுவாணியும் காரணமாகச் சொல்லப்படுவது இதன் தொடர்ச்சிதான். சென்னைக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள ஆறு ஏதும் வாய்க்கவில்லை. கூவத்தை யாரும் பெருமையாகக் குடிக்கப்போவதில்லை. ஆனாலும் 2004 முதல் ஆகஸ்ட் 22ஐ ஒட்டிக் கொண்டாடப்படும் சென்னை தினமும் அதைச் சுற்றி வளர்ந்த மரபு நடைகளும் அந்தப் பழைய நம்பிக்கைக்குப் புது உயிர் கொடுத்திருக்கின்றன. மயிலாப்பூர் மாடவீதியில் ரோஸ் மில்க், திருவல்லிக்கேணியில் பில்டர் காபி, சௌகார்பேட்டையில் பாதாம் பால், பர்மா பஜார் பக்கம் அத்தோவோடு வாழைத்தண்டு சூப் என்று நாக்கின் வழியே நகரை அறிமுகம் செய்கிறார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு டம்ளர், கூடவே ஒரு கதை.

கேட்க வேண்டியது இதுதான்: ஒரு பேட்டையின் பானம் அந்தப் பேட்டையின் வரலாற்றுக்குச் சான்றாகுமா? ஆகும் என்றால், எதற்குச் சான்று? மண்ணுக்கா, கடல் வணிகத்துக்கா, சாதிக்கா, அல்லது சொல்பவரின் ஏக்கத்துக்கா? இந்தக் கேள்விக்கு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு துறையினர் விடை சொல்லியிருக்கிறார்கள். அவற்றைச் சென்னை என்ற ஒரே கல்லில் உரசிப் பார்க்கிறது இக்கட்டுரை.

மண்ணும் நீரும்

பானத்தின் சுவையை நிலம் தீர்மானிக்கிறது என்பது முதல் விடை. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் திராட்சை மதுவுக்கு இதையே ஒரு கோட்பாடாக வளர்த்து, சட்டமாகவும் ஆக்கிக்கொண்டார்கள். நம்மூரில் கும்பகோணம் காபியைக் காவிரியோடு இணைத்துப் பேசுவது அதன் எளிய வடிவம்.

சென்னையில் இந்த விடைக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. கடற்கரை மணலில் மழைநீர் தங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்பதால் கடலுக்குக் கூப்பிடு தூரத்திலும் நல்ல தண்ணீர்க் கிணறுகள் இருந்தன. கிழக்கிந்தியக் கம்பெனி 1772இல் கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்க ஏற்படுத்திய ஏழு கிணறு இன்றும் ஜார்ஜ் டவுனில் ஒரு வட்டாரத்தின் பெயராக நிற்கிறது. தண்ணீரால் பெயர்பெற்ற பேட்டை என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது அதுதான். ரோஸ் மில்க்குக்கு முன்பே.

ஆனால் 1872இல் செங்குன்றம் ஏரி நீர் நகருக்குள் வந்ததும் கிணற்றின் ஆட்சி தளரத் தொடங்கியது. இன்று கிருஷ்ணா நீர் (1996 முதல்), வீராணம் நீர் (2004 முதல்), மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் உப்பு நீக்கிய கடல்நீர் (2010, 2013 முதல்) எல்லாம் ஒரே குழாயில் கலந்து வருகின்றன. குழாயைத் திறந்தால் ஆந்திரமும் கடலூர் மாவட்டமும் வங்காள விரிகுடாவும் சேர்ந்து கொட்டும் ஊரில் மண்வாசனை பேசுவது கொஞ்சம் வேடிக்கை. காபிக் கொட்டை குடகிலிருந்தும் சிக்கமகளூரிலிருந்தும், தேயிலை நீலகிரியிலிருந்தும் அசாமிலிருந்தும் வருபவை. ஆக, பானத்துக்கு இந்த விளக்கம் அதிகம் பொருந்தவில்லை. தண்ணீருக்கு மட்டும் ஓரளவு பொருந்துகிறது. சென்னை வீடுகளில் புழங்கும் ‘நல்ல தண்ணி’, ‘உப்புத் தண்ணி’, ‘மெட்ரோ தண்ணி’, ‘கேன் தண்ணி’ என்ற பாகுபாட்டைத் தெருவாரியாகக் குறித்தால் நிலத்தின் படமும் வருமானத்தின் படமும் ஒருசேரக் கிடைக்கக்கூடும். மரபு நடைகளில் யாரும் கேன் தண்ணீரைச் சுவைக்கக் கொடுப்பதில்லை என்பது வேறு விஷயம்.

கப்பலில் வந்தவை

இரண்டாவது விடை வணிக வரலாற்றிலிருந்து வருகிறது. சிட்னி மின்ட்ஸ் 1985இல் சர்க்கரையைப் பற்றி எழுதிய நூலுக்குப் பிறகு, ஒரு பண்டத்தின் வழித்தடத்தைப் பின்தொடர்ந்தால் ஓர் உலகமே விரியும் என்பது ஆய்வாளர்களிடையே பழக்கமாகிவிட்டது. துறைமுக நகருக்கு இது இயல்பாகப் பொருந்தும் சட்டை.

இதற்குச் சென்னையில் காட்டத்தக்க சின்னம் மெரினாவில் வட்டமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ். பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடர் 1833இல் கல்கத்தாவுக்கு 180 டன் பனிக்கட்டி அனுப்பினார். மரத்தூளில் பொதிந்து, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து வந்த சரக்கில் ஏறத்தாழ 100 டன் உருகாமல் கரைசேர்ந்தது. அந்த வணிகம் வேர்பிடித்தபின் 1842இல் சென்னைக் கிடங்கு எழுந்தது. கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றிலும் அப்படிக் கிடங்குகள் இருந்தபோதும் இன்று எஞ்சியிருப்பது இது ஒன்றே. பனிக்கட்டியை இயந்திரத்தால் செய்ய முடிந்ததும் கப்பல் வணிகம் படுத்தது. கட்டடம் கைமாறி பிலிகிரி ஐயங்காரிடம் வந்தது. 1897இல் மேலைநாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் அங்கே தங்கினார். பிறகு அது விவேகானந்தர் இல்லம் ஆயிற்று. பெயர்ப்பலகை மாறியும் வட்டாரமும் காவல் நிலையமும் இன்னும் ‘ஐஸ் ஹவுஸ்’தான். அமெரிக்கக் குளம் ஒன்றின் உறைநீர் சென்னையில் ஒரு முகவரியாகிவிட்டது.

கோலி சோடாவும் இப்படியே. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை பெற்ற புட்டி அது. கண்டுபிடித்த நாடு கைவிட்டபின் இந்தியாவிலும் ஜப்பானிலும் பிழைத்துக் கிடக்கிறது. தமிழ்நாட்டில் அது பானமாக மட்டும் நிற்கவில்லை. மேடைப் பேச்சாளரின் தொண்டைக்குத் துணையாகவும், கூட்டம் கலவரமானால் கையில் கிடைக்கும் ஆயுதமாகவும் அரசியல் வரலாற்றிலேயே இடம்பிடித்தது. பர்மாவிலிருந்து 1960களில் திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த வாழைத்தண்டு சூப், மின்ட் தெருவில் குஜராத்திகளும் மார்வாடிகளும் நிலைப்படுத்திய லஸ்ஸி, பாதாம் பால் எல்லாம் இந்த விளக்கத்துக்குள் அடங்கும்.

இதன் குறை எளிது. எது துறைமுகத்துக்கு எப்படி வந்தது என்று சொல்லும்; வந்தது ஏன் ஒரு தெருவில் நின்று அடுத்த தெருவுக்குப் போகவில்லை என்று சொல்லாது. பாஸ்டனிலிருந்து மெரினா வரை வந்த பனிக்கட்டி, அங்கிருந்து ஐரோப்பியர் வீடுகளுக்கும் வசதி படைத்தோருக்கும் போயிற்று. கிடங்கின் பக்கத்திலேயே இருந்த மீனவக் குப்பங்களுக்கு அது அண்டை வீட்டு அதிசயமாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். கடலைக் கடந்த சரக்கு வீதியைக் கடக்கவில்லை. வழித்தட வரலாறு அந்த இடத்தில் வாயடைத்துப் போகிறது.

எந்தப் பெஞ்சில், யாருடைய டம்ளரில்

மூன்றாவது விடைதான் தமிழில் மிகுதியாக விவாதிக்கப்பட்டது. நம் பார்வையில் வலுவானதும்கூட. ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ கட்டுரை அதன் மையம். 2000இல் தமிழில் நூலாகவும் பின்னர் 2006இல் ஆங்கில நூலின் தலைப்பாகவும் வந்த அந்த ஆய்வு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காலை நீராகாரத்தின் இடத்தைக் காபி பிடித்த கதையை நடுத்தர வர்க்கத்தின், குறிப்பாகப் பிராமண நடுத்தர வர்க்கத்தின் உருவாக்கத்தோடு இணைக்கிறது. காபி வந்ததும் கூடவே கவலையும் வந்தது: உடம்பு கெடும், பெண்கள் கெடுவார்கள், சிக்கரி கலந்து ஏமாற்றுவார்கள். காபி ஒரு வர்க்கத்தின் அடையாளமானபோது தேநீர் நகர்ப்புற உழைப்பாளியோடும் முஸ்லிம்களோடும் சேர்த்துப் பார்க்கப்பட்டது என்பதும் அந்த வாதத்தின் பகுதி. சுவை என்பது தனிமனித விருப்பம்போலத் தோன்றினாலும் வர்க்க வேறுபாட்டைக் காட்டிக்கொள்ளும் கருவி என்று பிரான்சில் பூர்தியூ 1979இல் வாதிட்டதற்கு நம்மூர் எடுத்துக்காட்டாகவே இதைக் கொள்ளலாம். ஒரு வேறுபாடு உண்டு. பிரான்சில் வர்க்கம் சுவைக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. இங்கே சாதி பெயர்ப்பலகையில் எழுதியே தொங்கியது.

‘பிராமணாள் காபி கிளப்’ என்ற பலகைகள் அந்நாளில் சாதாரணம். ரயில் நிலைய உணவகங்களில் சாதிவாரியாகப் பிரித்து வைத்த இடங்களுக்கு எதிராகப் பெரியார் நடத்திய இயக்கத்தின் பின் 1941இல் அந்தப் பிரிவினை கைவிடப்பட்டது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன் திராவிடர் கழகத்தார் மறியல் தொடங்கினார்கள். கோரிக்கை ஒரே ஒரு சொல்: பலகையிலுள்ள ‘பிராமணாள்’ அழிய வேண்டும். நாள்தோறும் தொண்டர்கள் கைதானார்கள். மாதக்கணக்கில் நடந்த போராட்டத்தின் முடிவில் அந்தச் சொல் போயிற்று. அந்தக் காபி நல்ல காபியா, டிகாக்‌ஷன் திக்காக இருந்ததா என்று எவரும் கேட்கவில்லை. பானத்தை வைத்து அந்தத் தெருவின் வரலாற்றை எழுதுபவர் காபியின் மணத்தை விவரித்துவிட்டுப் பலகையை மறந்தால் வரலாற்றில் பாதிக்கு மேல் கைநழுவிவிடும்.

இங்கேதான் நாக்கைவிடப் பாத்திரம் நம்பகமான சாட்சி என்று தோன்றுகிறது. விளிம்பு வெளியே மடிந்த பித்தளை டம்ளர், உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்வதற்கு ஏற்றது. எச்சில் பற்றிய ஒரு முழுக் கோட்பாடும் அந்த விளிம்பில் வார்க்கப்பட்டிருக்கிறது. கண்ணாடி கிளாஸ் அப்படியில்லை. அதை வாய்வைத்துக் குடிக்க வேண்டும். ஒருவர் வாய்வைத்ததை அலசி அடுத்தவருக்குக் கொடுக்கிறார்கள் என்பதை ஏற்றுக்கொண்டவர்தான் டீக்கடை வாடிக்கையாளர். தமிழகத்துக் கிராமங்களில் தலித்துகளுக்குத் தனி டம்ளர் வைத்த இரட்டைக் குவளை முறையை எல்லோரும் அறிவோம். 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் உணவகத்துக்குள் நுழையும் உரிமையோடு நிற்காமல், அங்கே பொதுப் புழக்கத்துக்கு வைத்த பாத்திரங்களைப் பயன்படுத்தும் உரிமையையும் தனியே எடுத்துச் சொல்கிறது. சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது: சண்டை பானத்தைப் பற்றியதன்று, டம்ளரைப் பற்றியது.

மாற்றுக் கருத்துகளும் கவனத்துக்குரியவை. ஐரோப்பியக் காபிக் கடைகளில் பொதுவெளி பிறந்தது என்ற ஹேபர்மாஸின் 1962ஆம் ஆண்டு வாதத்தைச் சென்னைக்குப் பொருத்திப் பார்ப்பவர்கள் உண்டு. பொருத்துவதானால் காபி கிளப்பைவிட டீக்கடையே அதற்கு நெருக்கமானது. ஒரு நாளிதழைத் தாள்தாளாகப் பிரித்துப் பகிர்ந்து, படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டு வாதாடிய மரப்பெஞ்சு டீக்கடையில்தான் கிடந்தது. 1942இல் தொடங்கிய ‘தினத்தந்தி’யின் எளிய தமிழையும் திராவிட இயக்கத்தின் பரவலையும் அந்தப் பெஞ்சு இல்லாமல் விளக்குவது கடினம். அதேவேளை தேநீரை அடித்தட்டின் தன்னெழுச்சியாகப் போற்றுவதும் மிகை. தேயிலைத் தோட்ட முதலாளிகளின் நலனுக்காக 1903இல் விதிக்கப்பட்ட தேயிலைத் தீர்வையின் பணத்தில், 1930களில் தெருத்தெருவாக விளம்பரமும் செய்முறை விளக்கமும் நடத்தி நாடெங்கும் தேநீர் பழக்கப்பட்டது என்பதை பிலிப் லுட்கென்டார்ஃப் போன்றவர்கள் காட்டியிருக்கிறார்கள். தொழிலாளி தேநீரைத் தேர்ந்தெடுத்ததற்கு முன்பே தேநீர் தொழிலாளியைத் தேர்ந்தெடுத்திருந்தது.

இந்த விடையின் பலவீனம் அதன் ஆதாரங்களில் இருக்கிறது. காபியைப் பற்றி எழுதி வைத்தவர்கள் பெரும்பாலும் காபி குடித்த, எழுதத் தெரிந்த வகுப்பார். அவர்களுடைய இதழ்களையும் தன்வரலாறுகளையும் கொண்டு எழுதும்போது காபி முழுக்க அவர்களுடையதாகவே தெரியும். ‘காபித் தண்ணி’ என்ற சொல் சாதி பாராமல் தமிழ்நாடெங்கும் புழங்குவதையும், அந்தச் சொல்லுக்குள் வெல்லம் போட்ட கருங்காபி முதல் வெறும் சுடுபானம் வரை அடங்குவதையும் பார்த்தால், எழுதப்படாத இன்னொரு காபி வரலாறு இருந்திருக்க வேண்டும் என்று படுகிறது.

நினைவும் கதையும்

நான்காவது விடை, பானம் நினைவின் இருப்பிடம் என்பது. பிரான்சில் பியர் நோரா 1984 முதல் வெளியிட்ட தொகுதிகளில் நினைவிடங்கள் என்ற கருத்தை வளர்த்தார். சென்னையில் எஸ். முத்தையாவின் நூல்களும் பத்திகளும் கட்டடங்களின் மேல் அத்தகைய நினைவை ஏற்றின. அந்த வழியில் இப்போது கடைகளும் பானங்களும் சேர்கின்றன. மயிலாப்பூரில் 1927இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் காளத்தி கடை செய்தித்தாள் விற்கும் இடம். ரோஸ் மில்க் அங்கே பக்கவாட்டில் வளர்ந்த புகழ். அறுபத்துமூவர் திருவிழாவில் மாடவீதி நெடுகத் தண்ணீர்ப் பந்தல் போட்டு நீர்மோரும் பானகமும் வழங்குவதை இதனினும் பழைய நினைவாகக் கொள்ளலாம். அதற்கு விலை இல்லை, கடையும் இல்லை.

நினைவு சான்றாகும்போது எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு ‘டிகிரி காபி’ என்ற பெயரே போதும். பால்மானியில் அளந்து டிகிரி பார்த்த கலப்படமற்ற பாலில் போட்டது என்பார் ஒருவர். சிக்கரி என்ற சொல் வாய்வழியே திரிந்து டிகிரி ஆனது என்பார் இன்னொருவர். முதல் டிகாக்‌ஷனுக்கு முதல் டிகிரி என்ற தரம் என்பது மூன்றாமவர் விளக்கம். முதல் விளக்கப்படி அது தூய்மையின் சின்னம். இரண்டாவதன்படி கலப்படத்தின் சின்னம். ஒரே பெயர் நேரெதிரான இரண்டு கதைகளுக்கு இடம் கொடுக்கிறது. பால்மானி விளக்கம் நடைமுறைக்கு நெருக்கமாகத் தோன்றினாலும் அதையே முடிந்த முடிபாகக் கொள்ள இடமில்லை. ஹாப்ஸ்பாமும் ரேஞ்சரும் 1983இல் தொகுத்த நூல் புதிதாகப் புனைந்த மரபுகளைப் பற்றிப் பேசியது. நெடுஞ்சாலையெங்கும் பித்தளை டவராவோடு முளைத்த ‘கும்பகோணம் டிகிரி காபி’ பலகைகளை அந்த நூலின் பின்னிணைப்பாகச் சேர்க்கலாம்.

சட்டம் துடைத்த சுவைகள்

இதுவரை பார்த்த விடைகள் எல்லாம் இன்று சுவைக்கக் கிடைப்பதை வைத்துப் பேசுகின்றன. கிடைக்காததைப் பற்றிப் பேசுவது ஐந்தாவது விடை. சென்னையைப் பொறுத்தவரை இதுவே நம்மை அதிகம் தடுமாற வைக்கிறது.

இந்தக் கடற்கரையின் பழைய பானம் கள். எயிற்பட்டினத்து நுளையர் மகளிர் வடித்த கள்ளைச் சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. சென்னைக்குத் தெற்கே அதே கரையோரத்துச் செய்தி அது. காவிரிப்பூம்பட்டினத்துக் கள்ளுக்கடைக் கொடியைப் பட்டினப்பாலை சொல்கிறது. கம்பெனிக் காலத்தில் கோட்டையைச் சுற்றிச் சாராயக் கடைகளும் பஞ்ச் விடுதிகளும் பெருகின. 1886ஆம் ஆண்டு ஆப்காரிச் சட்டத்தின்கீழ் மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம் என்று கள்ளும் சாராயமும் மாகாண வருவாயின் பெருந்தூண்களாயின. துறைமுகக் கூலிகள், பின்னி ஆலைத் தொழிலாளர்கள், குப்பத்து மீனவர்கள் இருந்த வடசென்னையில் கள்ளுக்கடை, டீக்கடைக்கு முந்திய பொதுவெளி. மொந்தையும் பனையோலைப் பட்டையும் அதன் பாத்திரங்கள்.

பின் நடந்ததை ஆண்டுகளே சொல்லும். 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. 1948இல் மதுவிலக்கு சென்னை உட்பட மாகாணம் முழுதும் பரவியது. 1971இல் தளர்ந்து, 1974இல் மீண்டு, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் அரசின் மது வணிக நிறுவனமான டாஸ்மாக் நிறுவப்பட்டது. 1987இல் கள்ளும் சாராயமும் மூடப்பட்டன. 2003இல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக்கின் தனியுரிமை ஆயிற்று. நேர்கோடாகப் போகாத இந்த வரலாற்றில் ஒன்று மட்டும் தெளிவு: கடைசியில் நின்றது ஆலையில் செய்த புட்டிச் சரக்கு, போனது மரத்திலிருந்து இறக்கிய உள்ளூர்ப் பானம்.

இதை எப்படிப் படிப்பது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. காந்திய மரபில் மதுவிலக்கு ஏழைப் பெண்களின் மீட்சி. குடித்தவரின் மனைவியும் பிள்ளைகளும் பட்ட பாட்டை முன்வைக்கும் அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. டேவிட் ஹார்டிமன் 1985இல் தென்குஜராத்தைப் பற்றி எழுதியபோது, வழக்கமாக இருந்த குடியை அரசு எப்படிக் குற்றமாக்கியது என்று எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டார். ராபர்ட் ஹார்ட்கிரேவின் 1969ஆம் ஆண்டு நூல் மூன்றாவது கோணத்தைத் தருகிறது. கள்ளிறக்கும் தொழிலோடு பிணைத்து இழிவுபடுத்தப்பட்ட நாடார்கள் அதிலிருந்து விலகி வணிகத்தில் எழுந்த வரலாறு அது. பழனியப்ப நாடார் 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளி மார்க் குளிர்பான நிறுவனம் அந்த எழுச்சிக் காலத்தது. அந்த நிறுவனத்தின் பொவண்டோ, 2017இல் மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைத் தொடர்ந்து வணிகர் அமைப்புகள் கோக், பெப்சியைப் புறக்கணித்தபோது தமிழ் அடையாளமாகவே கொண்டாடப்பட்டது. கள் அடைந்திருக்கக்கூடிய அந்த இடம் ஒரு கலருக்குக் கிடைத்தது விந்தைதான்.

மதுவிலக்குக் காலத்திலும் குடி நிற்கவில்லை. இடம் மாறிற்று. உடல்நலம் காட்டிப் பெர்மிட் வாங்க முடிந்தவர் சட்டப்படி குடித்தார். முடியாதவர் வேலம்பட்டை போட்டுக் காய்ச்சிய பட்டைச் சாராயத்தை ஒளிந்து குடித்தார். ஒரே நகரில் ஒருவர் நோயாளி, இன்னொருவர் குற்றவாளி. குடித்த காரியம் ஒன்றே. இந்தக் குடியின் சுவடுகள் காவல்துறைப் பதிவேட்டிலும் ஆயத்தீர்வைக் கோப்பிலும் கிடக்கின்றன. பிடிபட்டதை மட்டும் பதியும் கோப்பு அது. பிடிபடாத மாலைகளை, சண்டையில்லாமல் முடிந்த குடியை, கள்ளுக்கடைப் பாட்டை அது அறியாது. ஐந்தாவது விடையின் குறை இதுவே: இழப்பைக் காட்டும்; இழந்ததை மீட்டுத் தராது. ‘கள் நம் மரபு’ என்று இன்று ஒலிக்கும் குரல்களில் சில அந்த இடைவெளியைக் கற்பனையால் நிரப்புகின்றன. மரமேறியவரின் முழங்கால் வலி அந்தக் கற்பனையில் அதிகம் தென்படுவதில்லை.

இன்னொரு விளைவும் உண்டு. டாஸ்மாக் வந்தபின் ராயபுரத்திலும் அடையாற்றிலும் ஒரே புட்டி, ஒரே விலை, ஒரே கம்பிக் கதவு. பேட்டைக்குப் பேட்டை வேறுபட்ட குடியை அரசின் ஏகபோகம் சமன்செய்துவிட்டது. மாறுபடுவது இடம் மட்டும்: ஒருவர் நட்சத்திர ஓட்டல் பாரில், ஒருவர் கடைவாசலில் குவார்ட்டரைக் ‘கட்டிங்’ போட்டுப் பங்காளி தேடி. ஆகவே மரபு நடையில் சுவைக்கத் தரக்கூடியவை காபி, ரோஸ் மில்க், பாதாம் பால், சர்பத் என்று சுருங்கிவிட்டன. தெற்கு மயிலாப்பூரும் வடக்கே வணிகத் தெருக்களும் இனிக்க இனிக்க வரலாறாகின்றன. ஆலையும் குப்பமும் இருந்த பேட்டைகளின் பங்குக்கு ஆடி மாதக் கூழ் ஒன்றே மிஞ்சுகிறது.

திருவல்லிக்கேணி என்ற சோதனை

மேற்கண்ட விடைகளை ஒரே பேட்டையில் வைத்துப் பார்த்தால் அவற்றின் எல்லை தெரியும். திருவல்லிக்கேணியின் பெயரிலேயே நீர்நிலை இருக்கிறது. பார்த்தசாரதி கோயிலைச் சுற்றிக் காபி, மேன்ஷன்களில் அறையெடுத்துத் தங்கிய ஒண்டிக்கட்டைகளுக்காக மெஸ்ஸும் டீக்கடையும், 1795இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசலில் ரமலான் மாதத்து நோன்புக் கஞ்சி, கடலோரத்தில் ஐஸ் ஹவுஸ், அதற்கப்பால் குப்பங்கள். எல்லாம் நடந்து கடக்கக்கூடிய தூரம். இதில் எது திருவல்லிக்கேணியின் பானம்?

ஒன்றைத் தேர்ந்தால் மற்றவர் வரலாறு விடுபடும். ‘ஒரு பேட்டைக்கு ஒரு பானம்’ என்ற மரபு நடைச் சூத்திரம் இங்கே பொய்க்கிறது. வாலாஜா பள்ளிவாசலில் பல பத்தாண்டுகளாக நோன்பு திறக்க உணவு கொண்டுவந்து பரிமாறுபவர்கள் மயிலாப்பூர் சூஃபிதார் கோயிலைச் சேர்ந்த சிந்திகள். தேசப் பிரிவினையில் இடம்பெயர்ந்து வந்த இந்துக்கள் அவர்கள். இதை மண் விளக்காது. வணிக வழியும் விளக்காது. சாதி, வர்க்க விளக்கம் எதிர்பார்க்கும் திசைக்கு இது நேர்மாறு. பரிமாறுபவர் யார், வாங்கிக் குடிப்பவர் யார் என்று கேட்டால் மட்டுமே இந்த நிகழ்ச்சி பிடிபடும். முரளி கபே வாசலில் கேட்க வேண்டியிருந்த அதே கேள்விதான். சில தெருக்கள் தள்ளி, விடை தலைகீழாக இருக்கிறது.

தீராதவை

நீரின் சுவை மண்ணைச் சொல்லும் என்பதற்கு நகரில் வலுக் குறைவு. வணிக வழி, வந்த கதையை நன்றாகச் சொல்கிறது. இருக்கை, பலகை, பாத்திரம் ஆகியவற்றைக் கவனிக்கும் ஆய்வே பேட்டையின் உள்முகத்துக்கு அருகில் போகிறது. எனினும் அதன் ஆதாரங்கள் ஒருபக்கம் சாய்ந்தவை. இவ்வளவு வரை ஓரளவு துணிந்து சொல்லலாம்.

அதற்குமேல் கேள்விகள்தான். 2019 சனவரியில் நெகிழித் தடையோடு பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைகளும் தடைக்குள் வந்தபோது, கண்ணாடி கிளாஸ் எந்தக் கடைகளுக்குத் திரும்பியது, எந்தக் கடைகளுக்குத் திரும்பவில்லை? ஒருமுறை குடித்து எறியும் கோப்பை தீண்டாமைக்கு முடிவு கட்டியதா, அதை யாரும் பார்க்காதபடி மூடிவைத்ததா? ஆயத்தீர்வைக் கோப்புகளை வாய்மொழி வழக்காற்றோடு சேர்த்துப் படித்தால் கள்ளுக்கடையின் அன்றாடம் எவ்வளவு தூரம் திரும்பக் கிடைக்கும்? மரபு நடைகள் தாம் காட்டும் கடைகளை எந்த அளவுக்கு மாற்றியிருக்கின்றன?

இவை எல்லாம் கடைகளைப் பற்றியவை. வீட்டுக்குள் நிலைமை இன்னும் இருட்டு. பெண்கள் எங்கே, எப்போது, எதைக் குடித்தார்கள் என்பதற்குக் கடை வரலாற்றில் விடை இல்லை. 1955ஆம் ஆண்டுச் சட்டம் பொது உணவகத்துப் பாத்திரத்தைப் பற்றிப் பேசியது. சமையலறை அலமாரியின் ஓரத்தில் வேலை செய்பவருக்கென்று தனியே கவிழ்த்து வைத்த டம்ளர் அதன் வரம்புக்குள் வரவில்லை. காலையில் அதில் ஊற்றப்படும் காபி, வீட்டார் குடிக்கும் அதே டிகாக்‌ஷன், அதே பால். சுவையில் வேறுபாடு இல்லாத அந்தக் காபியை எந்த ஆவணத்தில் தேடுவது?